எத்தனை மாலை வாங்கலாம்?

கடலூருக்கு அருகே, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவந்திபுரம். முகூர்த்த நாட்களில் அங்குள்ள தேவநாத சுவாமி கோயிலில் பல திருமணங்கள் அடுத்தடுத்து நடக்கும். அங்கே மாலை விற்கும் ஒரு கடைக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு ஜோடி மாலையின் அடக்க விலை 200 ரூபாய். விற்பனை விலை 500 ரூபாய். விற்காதவை வாடிப்போகும். குறைவாக வாங்கினால் லாபம் கைநழுவும். அதிகமாக வாங்கினால் முதலே போய்விடும். எத்தனை ஜோடி வாங்கலாம்?

சென்ற முகூர்த்தத்தில் 50 ஜோடிக்குக் கிராக்கி இருந்தது. "இம்முறையும் 50 வாங்கு" என்கிறது அவர் மனம். அவருடைய கணக்கு நோட்டு என்ன சொல்கிறது? அந்த நாளையும் சேர்த்துக் கடந்த 10 முகூர்த்தங்களில் 20 ஜோடி கேட்கப்பட்டது 3 நாள். 30 ஜோடி 4 நாள். 40 ஜோடி 2 நாள். 50 ஜோடி ஒரே ஒரு நாள்!

இனிக் கணக்கிடுவோம். எல்லா நாளும் 50 ஜோடி வாங்கியிருந்தால் விற்றிருப்பவை 310. வரவு 1,55,000 ரூபாய். செலவு 1,00,000 ரூபாய். லாபம் 55,000 ரூபாய். 30 ஜோடி மட்டும் வாங்கியிருந்தால் விற்றிருப்பவை 270. வரவு 1,35,000, செலவு 60,000, லாபம் 75,000 ரூபாய்! குறைவாக விற்றும் லாபம் கூடுகிறது, பார்த்தீர்களா?

அப்படியானால் மனம் ஏன் 50 என்றது? எளிதில் நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக நம்புவது மனித இயல்பு. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞர்கள் இத்தகைய சாய்வுகளை 1974-இல் விளக்கினார்கள். கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு சாய்வும் உண்டு. பொழுது சாய்கிறது, 5 ஜோடி மிஞ்சியிருக்கிறது. ஒருவர் ஜோடி 150 ரூபாய்க்குக் கேட்கிறார். "வாங்கியதே 200 ஆயிற்றே!" என்று கடைக்காரர் மறுக்கிறார். ஆனால் அந்த 200 ரூபாய் விற்றாலும் விற்காவிட்டாலும் போனதுதான். இப்போது ஒப்பிட வேண்டியவை 150 ரூபாயும் வாடிய பூவும் மட்டுமே.

பெரிய நிறுவனங்களும் மனிதர்களால் நடப்பவையே. இதே மாவட்டத்திலுள்ள நெய்வேலியைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே, மிகுந்த அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருந்தது. தோண்டினால் நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடிக்கலாம். அச்சத்தால் கைவிட்டிருக்கலாம், ஆசையால் உடனே பெரும் பணத்தைக் கொட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. முதலில் சிறிய சோதனைக் குழி வெட்டினார்கள். குழாய்க் கிணறுகளால் நீரை இறைத்து, அழுத்தம் குறைகிறதா என்று அளந்தார்கள். 1956-இல் நிறுவனம் அமைந்தது; 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது; 1962-இல் மின்சாரம் பிறந்தது. எனினும் இதற்காக நிலத்தை இழந்த உழவர்களும் உண்டு. எந்தெந்த இழப்பைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதும் முடிவின் ஒரு பகுதிதான்.

ஓர் எச்சரிக்கை! 30 ஜோடி வாங்கிய நாளில் 50 பேர் வந்து நிற்கலாம். அதனால் முடிவு தவறாகிவிடாது. ஒரு நாள் விளைவில் தற்செயலுக்கும் பங்குண்டு. தெரிந்த செய்திகளை எல்லாம் எடைபோட்டோமா என்பதே கேள்வி.

செய்து பாருங்கள்: 20 ஜோடி, 40 ஜோடி வாங்கியிருந்தால் லாபம் எவ்வளவு? (விடை: 60,000; 70,000 ரூபாய்.) பிறகு உங்கள் தெரு இட்லிக் கடையில் நாளைக்கு எத்தனை இட்லி விற்கும் என்று ஊகித்து எழுதுங்கள். கடைக்காரரிடம் கேட்டுப் பத்து நாள் விற்பனையைக் குறித்து வாருங்கள். உங்கள் ஊகம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது தெரிந்துவிடும்!