பழைய மோட்டார் வண்டியும் அதற்கேற்ற எண்ணெயும்

மோட்டார் வண்டி ஓட்டுவோர் பலர். அதன் எஞ்சினுக்குள் யாது நிகழ்கின்றதென்று அறிந்து ஓட்டுவோர் சிலரே. புதிய வண்டி வைத்திருப்போருக்கு இவ்வறியாமையாற் பெருங்கேடில்லை. அவ்வண்டிக்குரிய எண்ணெய் இன்னதென்று செய்தவர்களே கைந்நூலில் அச்சிட்டுத் தந்துவிடுகின்றனர். பழைய வண்டி வைத்திருப்போர் நிலைமை வேறு. கைந்நூல் தொலைந்திருக்கும், தொலையாவிடினும் அதிற் குறித்த எண்ணெய் இன்று கடையில் இராது. ஆதலின் இத்தகைய வண்டிக்கு எண்ணெயும் வடிகட்டியும் தெரிந்தெடுக்கும் முறையை, நம் நாட்டார் நன்கறிந்த அம்பாசடர் வண்டியையே உதாரணமாகக் கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

அம்பாசடர், இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, 1950-களின் இறுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவிற் செய்யப்பட்டது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. வண்டி எவ்வாண்டில் வெளிவந்ததாயினும் இந்த எஞ்சின் பிறப்பால் 1950-களைச் சேர்ந்ததேயாம். இதனை மறந்தவர்களே எண்ணெய் விஷயத்தில் ஏமாறுகின்றனர்.

முதலில் நோக்கத்தக்கது எண்ணெயின் தடிப்பு. டப்பாவின் மேல் ‘20 டபிள்யூ 50’ என்பதுபோல் ஒரு குறி காணப்படும். ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிர்ந்த எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைக் காட்டும். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் அதன் தடிப்பு எவ்வளவு நிற்கும் என்பதைக் காட்டும். இக்காலத்துப் புது வண்டிகளுக்கு 0 டபிள்யூ 20, 5 டபிள்யூ 30 முதலிய மெல்லிய எண்ணெய்கள் விதிக்கப்படுகின்றன. விலையுயர்ந்ததே நல்லதென்றெண்ணி அவற்றைப் பழைய எஞ்சினில் வார்ப்பது தவறு. தேய்ந்த பேரிங்குகளின் இடைவெளியில் மெல்லிய எண்ணெய் நில்லாது, அழுத்தம் குறையும். அன்றியும் இவ்வெஞ்சினின் கிராங்க் ஷாப்டுக்குப் பின்முனையில் ரப்பர் அடைப்புக் கிடையாது. எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகு வரையே உண்டு. மெல்லிய எண்ணெய் அதனைத் தாண்டிச் சொட்டும். ஒழுகாத அம்பாசடரில் எண்ணெயே இல்லையென்று ஓட்டுநர்கள் நகையாடுவது காரணமின்றியன்று. நமது வெயிலுக்கும் இவ்வமைப்புக்கும் 20 டபிள்யூ 50 பொருந்தும். தடிப்பு நன்மையென்று இதனினும் மேற்போதலுங் கூடாது. அத்தகைய எண்ணெய் காலையில் எஞ்சினை எழுப்புங்கால் மேலேயுள்ள ராக்கர்களைச் சென்றடையத் தாமதிக்கும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். இவ்வெஞ்சினில் கேம் ஷாப்டின் முனைப்பும் டேப்பட்டின் அடியும் உருளையின்றி ஒன்றன்மேலொன்று உராய்ந்தே வேலை செய்கின்றன. அவ்விடத்து அழுத்தம் மிகுதியாகலின் எண்ணெய்ப் படலம் கிழியும். அப்போது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்க்கைப் பொருள் உலோகத்தின் மேல் மெல்லிய காப்பாகப் படிந்து, தான் தேய்ந்து, உலோகத்தைக் காக்கின்றது. ஆயின் பாஸ்பரஸ், புது வண்டிகளின் புகையைச் சுத்தி செய்யும் கருவியைக் கெடுக்கின்றது. ஆதலால் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தார் 2004-ல் ஏற்படுத்திய ‘எஸ். எம்.’ தரத்தில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேற்படலாகாதென்று வரையறுத்தனர். இதைக் கேட்டுப் பழைய வண்டிக்காரர் பலர் அஞ்சுகின்றனர். அவ்வரையறை மெல்லிய எண்ணெய்களைப் பற்றியதேயன்றி 20 டபிள்யூ 50-ஐப் பற்றியதன்று. ஆகவே தடிப்பைச் சரியாகத் தெரிந்தெடுத்தவர் இவ்வச்சத்தினின்றும் பெரும்பாலும் நீங்குகின்றனர். எனினும் எல்லா டப்பாவிலும் இப்பொருள் ஒரே அளவாக இராதாகலின், செய்தவர் வெளியிடும் விவரத்தாளைப் பார்த்து வாங்குதல் நலம்.

புது எண்ணெய் சில நாளிற் கறுத்துவிட்டதேயென்று கடைக்காரரைக் குறை கூறுவோருளர். அழுக்கைக் கரைத்துத் தன்னிடம் தாங்குவதே அதன் தொழில். கறுத்தல் அத்தொழிலைச் செய்தமைக்கு அடையாளம். நெடுநாள் மட்டமான எண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு நல்ல எண்ணெய் வார்த்தால் பழைய சகதி கிளம்பி வடிகட்டியை அடைக்கும். ஆதலின் அம்முதல் முறை மட்டும் விரைவிலேயே மாற்றிவிட வேண்டும்.

இனி வடிகட்டி. எண்ணெயிலுள்ள துகள்களைக் காகித மடிப்புகள் தடுக்கின்றன. அவை அடைபட்டால் எஞ்சின் வறண்டு போகாதபடி ஒரு வால்வு திறந்து எண்ணெயை வடிகட்டாமலே விட்டுவிடும். அதாவது, மாற்றப்படாத வடிகட்டி இருந்தும் இல்லாததேயாம். பழைய அம்பாசடர்களில் ஓர் இரும்புக் கிண்ணத்துள் காகித உறுப்பு வைத்து நீண்ட போல்ட்டால் முடுக்கப்படும். கிண்ணத்தின் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. புது உறுப்புடன் புது வளையமும் போட வேண்டும். அதற்குமுன் பழையதைக் குழியினின்றும் ஊசியாற் கிளப்பி எடுத்தல் வேண்டும்.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. எம் தந்தையாரின் வண்டியை ஒரு பட்டறையில் விட்டு எண்ணெய் மாற்றினோம். மறுநாள் பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்குப் புறப்பட்டு நாங்குநேரியைத் தாண்டியபோது எண்ணெய் விளக்குச் சிவந்தெரிந்தது. அடுத்த ஊரிற் பார்த்துக்கொள்வோமென்று மேலும் சிறிது தூரம் ஓட்டினோம். அதுவே எமது பிழை. எஞ்சினுள் சம்மட்டியடி போன்ற ஓசை கேட்டு நிறுத்திக் குனிந்து பார்க்க, கிண்ணத்தைச் சுற்றி எண்ணெய் முழுதும் வெளியேறியிருந்தது. பழைய வளையம் குழியிலேயே இருக்க, அதன்மேற் புதியதை வைத்து முடுக்கியிருந்தனர். பேரிங்குகள் போயின, கிராங்க் ஷாப்டைக் கடையவேண்டியதாயிற்று. அதன்பின் தந்தையார் நெடுந்தூரம் அவ்வண்டியில் ஏற இசைந்ததேயில்லை.

எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், அவ்வளவு ஓடாவிடின் ஆண்டுக்கொருமுறையும் மாற்றுதல் தக்கது. ஏனெனில் கொட்டகையில் நிற்கும் வண்டியின் எண்ணெயிலும் ஈரமும் பெட்ரோலும் சேர்கின்றன. எஞ்சின் சூடாயிருக்கும்போதே பழையதை வடித்து, வடிகாற் போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர் இட்டு, எண்ணெய் வார்த்து, எஞ்சினை எழுப்பி, விளக்கு அணைகின்றதா என்று நோக்குக. உடனே கீழே குனிந்து கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க. பின் எஞ்சினை நிறுத்திச் சில நிமிஷம் பொறுத்து, அளவுகோலை எடுத்துத் துடைத்து மீண்டும் இட்டு, எண்ணெய் இரு கோடுகளுக்கு இடையே மேற்கோட்டையொட்டி நிற்குமாறு குறைந்ததை நிரப்புக.