ஹம்போல்ட்டின் வழியில் போக நினைப்பவர்களுக்கு

குறிப்பேட்டோடு காட்டுக்கும் மலைக்கும் கிளம்பும் இளையவர்கள், முதலில் யாரைப் படிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். சிலர் தாவரவியல் மாணவர்கள், சிலர் ஓவியம் பயில்பவர்கள். இருவருக்கும் நான் சொல்லும் பெயர் ஒன்றுதான்: அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1769-இல் பெர்லினில் பிறந்து, 1799 முதல் 1804 வரை தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் கியூபாவிலும் சுற்றியவர். அவரிடம் கற்க வேண்டியவை என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

1. அளக்கப் பழகுங்கள். ஹம்போல்ட் போன இடமெல்லாம் காற்றழுத்தமானியும் வெப்பமானியும் கூடவே போயின. அவற்றோடு நீலமானி என்ற கருவியும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் சோசூர் என்பவர் உருவாக்கியது அது. வெளிர் நீலத்திலிருந்து கரு நீலம் வரை வரிசையாகத் தீட்டிய அட்டையை வானத்துக்கு நேரே பிடித்து, எந்தக் கட்டம் பொருந்துகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே போகப் போக வானம் கறுத்துக்கொண்டே வருவதை அவர் இப்படித்தான் எண்ணாகப் பதிந்தார். ஓவியருக்கும் விஞ்ஞானிக்கும் ஒரே அளவில் பயன்படும் குறிப்பு இது. வானம் மிக அழகாக இருந்தது என்று மட்டும் எழுதினால் இருவருக்குமே பயனில்லை.

2. கையால் வரையுங்கள். அவர் இளமையிலேயே ஓவியமும் செதுக்கு அச்சும் பயின்றவர். கைபேசியில் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இலைக்காம்பு தண்டில் எப்படிச் சேர்கிறது என்று வரையும்போதுதான் உங்கள் கண் அதில் நிற்கும்.

3. ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பாருங்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். 1802 ஜூன் 23 அன்று ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஹம்போல்ட் துணைவர்களோடு ஏறினார். அன்றைக்கு உலகிலேயே உயரமான மலை அதுதான் என்று நம்பினார்கள். உண்மையான உயரம் 6,263 மீட்டர். ஒரு பெரும் பிளவு வழியை மறித்ததால் உச்சியைத் தொடாமலே இறங்கினார்கள். அவருடைய கணக்குப்படி சுமார் 5,900 மீட்டர் வரை போயிருந்தார்கள். அந்தப் பயணத்தின் பெரிய விளைச்சல் 1807-இல் வெளியான ஒற்றைப் படம். மலையைக் குறுக்கே வெட்டிக் காட்டி, எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறதோ அந்த இடத்திலேயே அதன் பெயரை எழுதினார். இரு பக்கமும் பத்திகள்: வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், தண்ணீர் கொதிக்கும் நிலை, வானத்தின் நீலம், பயிர்கள், விலங்குகள். ஒரு வரியைக் கிடையாகத் தொடர்ந்தால் அந்த உயரத்து வாழ்க்கை முழுதும் கண்முன் வந்துவிடும். தாவரப் புவியியல் என்ற துறைக்கு அடித்தளம் இட்டவற்றில் இந்தப் படம் ஒன்று. 1817-இல் சம வெப்பக் கோடுகளை வரைபடத்தில் இட்டதும் இதே பார்வையின் தொடர்ச்சிதான். வானிலைப் படங்களில் அந்தக் கோடுகளை இன்றும் பார்க்கிறோம்.

4. எங்கே, எப்போது எடுத்த குறிப்பு என்று அப்போதே எழுதிவிடுங்கள். 2012-இல் ஆய்வாளர் குழு ஒன்று சிம்போராசோவில் மறுபடி ஏறி, ஹம்போல்ட்டின் படத்தோடு ஒப்பிட்டது. தாவரங்கள் 500 மீட்டருக்கும் அதிகமாக மேலேறிவிட்டன என்று அந்தக் குழு 2015-இல் அறிவித்தது. 2019-இல் வேறொரு குழு பழைய கையெழுத்துக் குறிப்புகளைத் தேடிப் பார்த்தது. படத்தில் இருப்பது சிம்போராசோ. மேல்மட்டத் தாவரக் குறிப்புகளில் பெரும்பாலானவையோ அன்டிசானா என்ற வேறொரு மலையில் எடுத்தவை! திருத்திக் கணக்கிட்டபோது ஏற்றம் 215 முதல் 266 மீட்டர் என்று வந்தது. பூமி சூடாவதால் செடிகள் மேலேறுகின்றன என்ற முடிவு மாறவில்லை, அளவுதான் பாதியாகக் குறைந்தது. அச்சான படம் மறைத்ததைக் காப்பாற்றிக் கொடுத்தவை அந்தப் பழைய தாள்கள். உங்கள் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள்.

5. ஓவியம் பயில்பவர்களே, ‘காஸ்மாஸ்’ நூலின் இரண்டாம் பாகத்தைத் தேடிப் படியுங்கள். 1847-இல் வந்தது. அதில் நிலக்காட்சி ஓவியத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்து, வெப்பமண்டலத்துக்கு நேரில் போய் வரையும்படி ஓவியர்களை அழைத்தார். அந்த அழைப்பை நெஞ்சில் ஏற்றுக்கொண்டவர் அமெரிக்க ஓவியர் பிரடெரிக் சர்ச். 1853-இலும் 1857-இலும் ஈக்வடாருக்குப் போனார். பென்சில் கோட்டோவியங்களின் மேலேயே இந்த இடத்தில் இன்ன நிறம் என்று எழுதிவைத்தார். ஊர் திரும்பி வரைந்ததுதான் ‘ஆண்டீஸின் இதயம்’. உயரம் ஐந்தரை அடி, அகலம் பத்தடி. பனிமலை தொடங்கிக் காட்டருவி வரை அதில் அடக்கம். அப்படி ஓர் இடம் உலகில் எங்கும் கிடையாது, பல இடங்களைச் சேர்த்து அமைத்தது. ஆனாலும் முன்வரிசைச் செடிகள் இன்னவை என்று அடையாளம் சொல்லும்படி இருக்கின்றன. அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஹம்போல்ட்டின் மலைப்படம் செய்ததையே சர்ச் வண்ணத்தில் செய்தார். 1859 வசந்தத்தில் நியூயார்க்கில் இருபத்தைந்து சென்ட் கட்டணம் கொடுத்து, மூன்றே வாரத்தில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வந்து, சிறு தொலைநோக்கிகளால் துழாவிப் பார்த்தார்கள். ஹம்போல்ட்டின் கண்ணில் படவேண்டும் என்று அதை பெர்லினுக்கு அனுப்ப சர்ச் ஆசைப்பட்டார். காட்சி தொடங்கிச் சில நாட்களில், மே 6-ஆம் தேதி, ஹம்போல்ட் காலமானார். படம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

6. காரணம் கேளுங்கள். வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி வற்றிக்கொண்டு போவதை 1800-இல் பார்த்த ஹம்போல்ட், சுற்றிலும் காட்டை வெட்டியதையும் ஓடைகளைப் பாசனத்துக்குத் திருப்பியதையும் காரணமாகக் காட்டினார். அங்குள்ள மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அதில் உண்டு.

7. கூட வந்தவர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகளும் உடனிருந்து செடிகளைச் சேகரித்ததில் பெரும்பங்கு எமே போன்பிளான் என்ற பிரெஞ்சுக்காரருடையது. சிம்போராசோவில் அவர்களோடு கார்லோஸ் மோந்தூஃபார் என்பவரும் ஏறினார். பனி எல்லை வரை சுமை தூக்கி வந்த உள்ளூர்க்காரர்கள் பலர் பெயரில்லாமலே போய்விட்டார்கள். நீங்கள் அப்படி விட்டுவிட வேண்டாம். வழிகாட்டியவர் யார், செடியின் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று அவர் சம்மதத்தோடு கேட்டு, அன்றைய தேதிக்குக் கீழேயே எழுதுங்கள்.