ஒரே காயம், இரண்டு விலை

கேள்வி: என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர்கள் கெவின் டுரான்ட், டிமார்கஸ் கசின்ஸ் இருவருக்கும் கிழிந்தது அதே அக்கிலிஸ் தசைநாண்தான். வயதில் கசின்ஸ்தான் சின்னவர். அவருக்குக் கிடைத்தது ஓராண்டுக்கு 53 லட்சம் டாலர். டுரான்டுக்கோ நான்கு ஆண்டுக்கு 16.4 கோடி! ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வரும் வீரரை அணிகள் எதை வைத்து எடை போடுகின்றன?

பதில்: காலை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் காலை நம்பி அவருடைய ஆட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

கசின்ஸ் 120 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர். கூடைக்கு அடியில் முட்டி மோதி, எம்பி, அத்தனை எடையோடும் தரையில் இறங்குவதுதான் அவர் பிழைப்பு. 2018 ஜனவரி 26 அன்று, ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், தான் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவைத் தானே பிடிக்கப் பாய்ந்தபோதுதான் அக்கிலிஸ் கிழிந்தது. ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி, கிட்டத்தட்ட 13 ரீபவுண்ட் என்று வாழ்நாளின் உச்சத்தில் இருந்தார். அந்தக் கோடையில் அவர் ஒப்பந்தம் முடிகிறது. ஆறு மாதம் தள்ளி அடிபட்டிருந்தால் கையெழுத்தாகிவிட்ட ஒப்பந்தம் அவரைக் காப்பாற்றியிருக்கும். என்.பி.ஏ.வில் பெரும்பாலும் காயம்பட்டாலும் சம்பளம் நிற்காது. அந்த ஆறு மாத வித்தியாசம் எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம்.

மற்ற அணிகள் ஒதுங்கிக்கொள்ள, கடைசியில் அந்த 53 லட்சத்துக்குக் கோல்டன் ஸ்டேட் அணியில் சேர்ந்தார். திரும்பி வந்த சில மாதங்களில் தொடைத் தசை கிழிந்தது. அந்த ஆகஸ்ட்டில் முழங்கால். ஒதுங்கிக்கொண்ட அணிகளின் கணக்கு தப்பவில்லை.

டுரான்டின் கதை வேறு. கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்தவர், 2019 ஜூன் 10 அன்று டொரான்டோவில் இறுதிச் சுற்றின் 5ஆவது ஆட்டத்துக்குத் திரும்பினார். 12 நிமிடத்தில் 11 புள்ளி. பிறகு பந்தைத் தட்டிக்கொண்டு திரும்பியவர் தடுமாறி நின்று, தரையில் உட்கார்ந்து, வலது காலின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பார்த்தவர்களுக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை.

பழைய ஒப்பந்தப்படி இன்னும் ஓராண்டு இருந்து 3.15 கோடி டாலர் வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. அடிபட்டவர் கையில் இருப்பதை விடமாட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் விட்டார். அது மிகச் சரியான முடிவு என்பேன். அந்த ஓராண்டு முழுக்கச் சிகிச்சையிலேயே போகும். அடுத்த கோடையில், ஓராண்டாகப் பந்து தொடாத 31 வயதுக்காரராகச் சந்தையில் நிற்க வேண்டியிருக்கும். காயம்பட்டவருக்கு நீண்ட ஒப்பந்தம்தான் பாதுகாப்பு.

சரி, அந்த 16.4 கோடியைப் புரூக்ளின் அணி ஏன் கொடுத்தது? அவர் ஆட்டம் உயரத்தையும் கைத்திறனையும் நம்பியது. ஏழடியைத் தொடும் ஆள் தலைக்கு மேலிருந்து எறியும் பந்தைத் தடுக்க, அவர் பாதி உயரம் எம்பினாலும் ஆளில்லை. இன்னொன்று, பலரும் கவனிக்காதது: என்.பி.ஏ.வில் ஒரு வீரருக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு உண்டு. டுரான்ட் போன்றவரின் உண்மையான மதிப்பு அந்த வரம்பைவிட மிக அதிகம். காயத்துக்காக ஒரு பங்கைக் கழித்தாலும் மிச்சம் வரம்புக்கு மேலேயே நிற்கும். கசின்ஸுக்கு அந்த உபரி இல்லை. முதல் ஆண்டு டுரான்ட் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அடுத்த ஆண்டு சராசரியாக 27 புள்ளி எடுத்தார்.

சொந்த அணிக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. டுரான்ட் விழுந்த மூன்றாம் நாள், அதே அணியில் ஆடிய கிளே தாம்சனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. கோல்டன் ஸ்டேட் அவருக்கு ஐந்து ஆண்டுக்கு 19 கோடி கொடுத்தது. வெளி அணிகள் நான்கு ஆண்டுக்கு மேல் தர முடியாது. தாம்சன் இரண்டு சீசன் முழுக்க ஆடவில்லை, நடுவில் அக்கிலிஸும் போனது. 2022இல் அவரோடுதான் அந்த அணி கோப்பை வென்றது.

காயத்தின் பாதிப்பு காயம்பட்டவரோடு நிற்பதுமில்லை. 2025 ஜூன் 22 அன்று, இறுதிச் சுற்றின் 7ஆவது ஆட்டத்தில் இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு அக்கிலிஸ் கிழிந்தது. அடுத்த சில நாளில், அங்கேயே பத்து சீசன் ஆடிய, காலில் ஒரு குறையும் இல்லாத மைல்ஸ் டர்னர் 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் பேசி மில்வாக்கிக்குப் போய்விட்டார். அவருக்கு இடம் உண்டாக்க மில்வாக்கி கழற்றிவிட்டது டேமியன் லில்லார்டை. அவருக்கும் ஏப்ரலில் அதே தசைநாண்தான் கிழிந்திருந்தது. மிச்சச் சம்பளம் சுமார் 11.3 கோடியை ஐந்து ஆண்டுக்குப் பிரித்துக் கட்டவும் சம்மதித்தது.

லில்லார்ட் பழைய ஊர் போர்ட்லாந்துக்கே திரும்பினார், மூன்று ஆண்டுக்கு 4.2 கோடி. முதல் ஆண்டு அவர் ஆடப்போவதில்லை என்று தெரிந்தேதான் கையெழுத்து வாங்கினார்கள்.