கார்த்திகை முதல் தைப்பூசம் வரை: எல்லையோர வீடுகளுக்குச் சைவ உணவு ஆலோசனை

மலையாளக் கணக்கில் விருச்சிகம் ஒன்றும் தமிழ்க் கணக்கில் கார்த்திகை ஒன்றும் நவம்பர் 16 அல்லது 17-ஐ ஒட்டி வருகின்றன. சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு அன்று தொடங்கும் விரதம் டிசம்பர் 26 அல்லது 27-இல் மண்டல பூஜை வரை 41 நாள். மகரவிளக்கு வரை காத்திருப்பவர்களுக்கு ஜனவரி 14 அல்லது 15 வரை நீளும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் தைப்பூச விரதம் அதன் பின்னாலேயே வந்து சேரும். இடுக்கி மலையின் சீரோ மலபார் குடும்பங்களோ டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் வரை இருபத்தைந்து நோன்பு இருக்கின்றன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கமும், குமுளி, கம்பம்மெட்டு, மறையூர் பக்கமும் வருடத்தில் மிக அதிகமான வீடுகள் மீனும் இறைச்சியும் ஒதுக்குவது இந்த மாதங்களில்தான்.

ஒதுக்குவது கடினமல்ல. ஒதுக்கிய இடத்தில் என்ன வைப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காததுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. தேயிலைத் தோட்ட லயங்களில் சோற்றுக்குத் துணை பெரும்பாலும் கருவாடு. மாலை போட்ட அன்று கருவாடு போய்விடுகிறது, அதன் இடத்துக்கு எதுவும் வருவதில்லை. ரசம், ஊறுகாய், அப்பளத்தோடு சோறு மட்டும் கூடுகிறது. மார்கழிக் குளிரில் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்கு 41 நாள் இப்படிச் சாப்பிட்டால் உடம்பு தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சிக்குப் பழி விரதத்தின் மேல் விழுகிறது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். 400 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்தே ஏறக்குறைய 30 கிராம் வரும். மீதியை எண்பது, நூறு கிராம் பயறோ பருப்போ கொடுத்துவிடும். அரிசிப் புரதத்தில் குறையும் லைசின் பயறில் நிறைய இருப்பதால் இரண்டும் சேரும்போது தரமும் உயர்கிறது. ஆகவே இந்த வாரமே ஆளுக்கு மாதம் மூன்று கிலோ என்ற கணக்கில் துவரை, கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை எல்லாம் கலந்து வாங்கி வைப்பது நல்லது. அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப் பொருள்கள். ஆனைகட்டிப் பக்கம் போகிறவர்கள் தேடி வாங்கலாம். காலையில் புட்டும் கடலைக் கறியும், இரவில் கஞ்சியும் பயறும் என்று வைத்துக்கொண்டால் தனிச் சமையல் எதுவும் தேவையில்லை. பயறை இரவே ஊறவைத்துவிட்டால் விறகும் கேஸும் மிச்சம்.

சைவச் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. சாப்பாட்டோடு சாயா குடித்தால் கிடைப்பதும் குறையும், தேயிலையிலுள்ள டானின்தான் காரணம். தேயிலை நாட்டில் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனாலும் சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் வைக்க வேண்டும். வட்டவடையிலிருந்தும் காந்தளூரிலிருந்தும் வரும் காரட்டும் பீன்ஸும் கீரைக்கு மாற்று ஆகாது.

தனு மாதத் திருவாதிரைக்கு வீடுகளில் வேகும் புழுக்கு இந்தப் பருவத்துக்கே ஏற்ற உணவு. காய்ச்சில், சேனை, சிறுகிழங்கு, கூடவே வன்பயறு, தேங்காய் என்று எல்லாம் அதில் உண்டு. அதை ஒரு நாளோடு நிறுத்த வேண்டியதில்லை. மீன்குழம்பு இல்லாத கப்பைக்குக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி போதும். பக்கத்தில் ஒரு கிண்ணம் பயறும் இருக்கட்டும்.

வெளியே சாப்பிடும்போதுதான் விரதம் தெரியாமல் முறிகிறது. பல கடைகளில் பரோட்டா மாவில் முட்டை சேர்கிறது. கிறிஸ்துமஸ் பிளம் கேக் பெரும்பாலும் முட்டை போட்டது. அச்சப்பத்திலும் பல வீடுகளில் முட்டை உண்டு. குழலப்பமும் வட்டயப்பமும் பொதுவாக முட்டையில்லாதவை. சம்மந்திப் பொடி சிலவற்றில் உலர்ந்த இறால் இருக்கும். நேந்திரன் சிப்ஸ் வாங்கும்போது அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பாக்கெட் பொருளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை சேர்ந்ததும் அசைவக் குறியே பெறும். எடை போட்டு விற்கும் பேக்கரிப் பண்டத்தில் குறி இருக்காது என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

பால், நெய்கூட வேண்டாம் என்று இருப்பவர்களுக்குப் பச்சை வட்டம் போதாது, ஏனெனில் பால் பொருளுக்கும் அதே குறிதான். வீகன் உணவுக்கென 2022-இல் தனி விதிமுறையும் குறியும் வந்துள்ளன. சத்யை இலையில் ஓலன் தேங்காய்ப்பாலில் ஆனது. காளன், பச்சடி, பல வீட்டு அவியல் ஆகியவற்றில் தயிர் உண்டு. பரிப்பின் மேல் நெய் விழும். அடைப் பிரதமனுக்குத் தேங்காய்ப்பாலும் மறையூர்ச் சர்க்கரையும் இருந்தாலும் நெய்யில் தேங்காய்ப்பல் வறுப்பது வழக்கம். சபரிமலை அரவணையிலும் நெய் உண்டு. பிரசாதத்தை என்ன செய்வது என்பது அவரவர் முடிவு. சில வாரம் மட்டும் பால் ஒதுக்குகிறவருக்கு பி12 பற்றிக் கவலை வேண்டாம். ஆண்டு முழுவதும் ஒதுக்குகிறவர் மருத்துவரிடம் கேட்டு பி12 மாத்திரை எடுக்க வேண்டும். கீரையும் பயறும் அதைத் தராது.

கிறிஸ்துமஸ் காலையில் அப்பமும் இறைச்சிக் கறியுமாக நோன்பு முறிக்கும் வீட்டுக்கு மாலை போட்ட பக்கத்து வீட்டார் அழைக்கப்படுவது இந்த மலைகளில் சாதாரணம். முந்தின நாளே சொல்லிவிட்டால் அப்பத்துக்குக் கடலைக் கறியோ உருளைக்கிழங்கு ஸ்டூவோ தனிப் பாத்திரத்தில் தயாராகும். கடைசி நேரத்தில் மறுப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் வருத்தம். விருந்து வைப்பவர்களும் தனிக் கரண்டி போட மறக்கக் கூடாது.

நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தின் அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எந்த வேளையும் சாப்பாட்டை விடக் கூடாது. சபரிமலைக்குச் சத்திரம், புல்மேடு வழியாக நடப்பவர்கள் அவலும் வெல்லமும் வறுத்த நிலக்கடலையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மாலை கழற்றிய அன்றே வயிறு நிறைய இறைச்சி உண்பதைத் தவிர்த்து, முதல் இரண்டு மூன்று நாள் சிறிதளவு மீனோடு தொடங்குவது வயிற்றுக்கு நல்லது. பயறு வாங்குவதைத் தை மாதத்திலும் நிறுத்த வேண்டாம்.