குஞ்சம் வைத்த குவளை விரிப்பு: கொக்கி ஊசிப் பின்னலில் ஒரு முதற்பாடம்

வீடு சிறியதாயினும் அது துப்புரவாகவும் அழகாகவும் இருத்தல் வேண்டும் என்பதே நம் தாய்மார்களின் விருப்பம். விலையுயர்ந்த பொருள்களை வாங்கி அடுக்குவதனால் மட்டுமே அழகு வந்துவிடுவதில்லை. சிறிது நூலும், ஒரு கொக்கி ஊசியும், பொறுமையுள்ள இரு கரங்களும் இருந்தால் போதும். இல்லத்திற்கு வேண்டிய எத்தனையோ பொருள்களை நாமே செய்துகொள்ளலாம்.

மலாக்கா மாநிலத்தில் அலோர் காஜாவை அடுத்துள்ள ரெம்பியா வட்டாரத்தில், பால்மரம் வெட்டும் அம்மையார் ஒருவரின் இல்லத்திற்கு நாம் ஒருமுறை சென்றிருந்தோம். தேநீர் அளித்தவர், ஒவ்வொரு குவளைக்கும் அடியில் வட்டமான சிறு விரிப்பு ஒன்றை வைத்தார். அதன் ஓரமெங்கும் குஞ்சம் தொங்கியது. “கடையில் வாங்கினீர்களா?” என்று வினவினோம். “மழை நாளில் நானே பின்னியதுங்க” என்றார். அம்மேசைக்கு வயது இருபதுக்கு மேல் என்றும் கூறினார். சூடான குவளை பதிக்கும் வெள்ளை வளையம் ஒன்றுகூட அதன்மேல் இல்லை.

பால்மரத் தோட்டங்களில் மழை நாள் என்பது என்னவென்று நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. மங்கில் நீர் கலந்தால் பாலும் வீண். இலையுதிர் காலத்திலோ பாலே குறைந்துவிடும். அத்தகைய நாள்களில் கையைக் கட்டிக்கொண்டிராமல் பயனுள்ள ஒரு தொழிலைக் கற்பது நன்று. ஆகவே, குஞ்சம் வைத்த குவளை விரிப்பைப் பின்னும் முறையை இங்கு பாடமாகத் தருகிறோம். இதற்கு முன் ஊசியைக் கையில் எடுத்திராதவர்களும் இதனைக் கற்கலாம்.

இக்கலையின் வரலாறு

ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னும் இக்கலையைத் தமிழ்நாட்டில் குரோஷா என்பர். சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மலாய் மொழியிலும் ‘மெங்காயிட்’ என்றே வழங்குகின்றனர். ‘காயிட்’ என்றால் கொக்கி. செம்பனைக் குலையைக் கொய்வதற்கும் அச்சொல்லே ஆளப்படுவதை நம்மவர் அறிவர்.

அயர்லாந்து நாட்டில் 1845-ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து, கொடிய பஞ்சம் நேர்ந்தது. அப்போது பல ஏழைக் குடும்பங்களைக் காத்தவற்றுள் பெண்களின் கொக்கி ஊசிப் பின்னலும் ஒன்று.

தமிழ் மண்ணிலும் இதையொத்த வரலாறு உண்டு. 1819-இல் நாகர்கோயிலுக்கு வந்த மால்ட் தம்பதியருள் மார்த்தா மால்ட் அம்மையார், 1820-களில் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது கொக்கி ஊசிப் பின்னலன்று. தலையணையின்மீது பல சிறு கட்டைகளில் நூலைச் சுற்றிப் பின்னும் வேறொரு முறை. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. லேஸ் பின்னிப் பெற்ற கூலியைச் சேர்த்து, தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய பெண்களும் இருந்தனர். அச்சமஸ்தானத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டில்தான். சட்டம் வருவதற்கு முன்பே தம் விரல்களின் உழைப்பால் விடுதலை பெற்றவர்கள் அவர்கள். மால்ட் தம்பதியரின் மகளும் அறிஞர் கால்டுவெல்லின் துணைவியாருமான எலிசா அம்மையார், 1844-இல் திருமணமாகி இடையன்குடிக்குச் சென்ற பின், அங்கும் இத்தொழிலைப் பரப்பினார்.

கைவேலை என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இவ்வரலாறே சான்று.

வேண்டிய பொருள்கள்

1. பருத்தி நூற்பந்து ஒன்று. நடுத்தரப் பருமனுள்ளதாக இருக்கட்டும். செயற்கை நூல் வேண்டாம். அது நீரை நன்கு உறிஞ்சாது. மிகுந்த சூட்டில் உருகவும் கூடும்.
2. 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கொக்கி ஊசி ஒன்று.
3. கத்தரிக்கோல், முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி.
4. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள கெட்டி அட்டைத் துண்டு.

தோட்டத்திலிருந்து வந்ததும் நூலைத் தொடலாகாது. விரலில் ஒட்டியிருக்கும் பால் நூலில் பட்டுக் காய்ந்தால் கறை போகாது. கையை நன்கு கழுவித் துடைத்த பின்னரே ஊசியை எடுக்க வேண்டும்.

மூன்று கண்ணிகள்

இவ்விரிப்புக்கு மூன்றே கண்ணிகள் தெரிந்தால் போதும்.

சங்கிலிக் கண்ணி: நூலின் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு ஊசியில் மாட்டுக. நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றி, கொக்கியால் பிடித்து, ஊசியிலுள்ள வளையத்தின் வழியே இழுத்திடுக. இதுவே ஒரு சங்கிலி.

இணைப்புக் கண்ணி: சேர வேண்டிய இடத்தில் ஊசியைச் செலுத்தி, நூலைப் பிடித்து, அவ்விடத்தின் வழியாகவும் ஊசியிலுள்ள வளையத்தின் வழியாகவும் ஒரே இழுப்பில் கொணர்க.

நெடுங்கண்ணி: நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றிக்கொண்டு, வேண்டிய இடத்தில் செலுத்தி, நூலைப் பிடித்து இழுத்திடுக. இப்போது ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும். நூலைச் சுற்றி, முதல் இரண்டு வளையங்களின் வழியே இழுக்க வேண்டும். மீண்டும் நூலைச் சுற்றி, எஞ்சியுள்ள இரண்டின் வழியே இழுக்க வேண்டும். ஊசியில் ஒரு வளையம் மட்டும் நின்றால் நெடுங்கண்ணி சரியாக அமைந்தது எனக் கொள்க.

முதல் நாள் சங்கிலியை மட்டுமே பழகுதல் நலம். பால் வெட்டும் கத்தியை இறுகப் பிடித்துப் பழகிய கை, ஊசியையும் இறுகவே பிடிக்கும். அதனால் கண்ணிகள் இறுகி, மறுசுற்றில் ஊசி நுழையாது. நூல் விரலிடையே தளர்வாக ஓடட்டும். ஒரு சாண் நீளத்திற்குச் சங்கிலி ஒரே அளவாக வரும்வரை பின்னிப் பின்னிப் பிரித்திடலாம். பிரித்த நூல் வீணாவதில்லை.

விரிப்பைப் பின்னும் முறை

தொடக்கம்: 4 சங்கிலிகள் பின்னி, முதற் சங்கிலியில் இணைப்புக் கண்ணி இட்டு வளையமாக்குக.

முதற் சுற்று: 3 சங்கிலிகள் பின்னுக, இவை ஒரு நெடுங்கண்ணிக்கு ஈடாகும். வளையத்தின் நடுவே ஊசியைச் செலுத்தி 11 நெடுங்கண்ணிகள் இடுக. தொடக்கத்துச் சங்கிலிகளுள் மூன்றாவதன் தலையில் இணைப்புக் கண்ணியால் சேர்த்திடுக. மொத்தம் 12.

இரண்டாம் சுற்று: 3 சங்கிலிகள், அவை நிற்கும் அதே இடத்தில் 1 நெடுங்கண்ணி. பின்னர் ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் 2 நெடுங்கண்ணிகள். முன்போல் சேர்க்க. மொத்தம் 24.

மூன்றாம் சுற்று: 3 சங்கிலிகள், அதே இடத்தில் 1, அடுத்ததில் 1. பின்னர் ஒன்றில் 2, அடுத்ததில் 1 என மாறி மாறிச் சுற்றிலும் இடுக. சேர்க்க. மொத்தம் 36.

நான்காம் சுற்று: 3 சங்கிலிகள், அதே இடத்தில் 1, அடுத்த இரண்டில் ஒவ்வொன்று. பின்னர் ஒன்றில் 2, அடுத்த இரண்டில் ஒவ்வொன்று எனச் சுற்றிலும் இடுக. சேர்க்க. மொத்தம் 48.

நூலை ஒரு சாண் விட்டு நறுக்கி, கடைசி வளையத்தின் வழியே இழுத்து இறுக்குக. எஞ்சிய நூலைத் தையல் ஊசியில் கோத்து, அடிப்புறக் கண்ணிகளுக்குள் மறைத்திடல் வேண்டும்.

12, 24, 36, 48 என்னும் இவ்வெண்களைக் கவனித்தீர்களா? பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒப்பிக்கும் பன்னிரண்டாம் வாய்பாடுதான் இது. வட்டம் பெரிதாகும்போது அதன் சுற்றளவும் ஒரே சீராகக் கூடுகிறது. ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் 12 கண்ணிகள் கூட்டுகிறோம். குறைவாகக் கூட்டினால் விரிப்பு கிண்ணம்போல் குழியும். மிகுதியாகக் கூட்டினால் ஓரம் அலை அலையாய்ச் சுருளும். விரிப்பு மேசைமேல் படியவில்லையாயின், எண்ணிப் பார்த்தால் பிழை எந்தச் சுற்றில் உள்ளதென்பது புலப்படும். அந்தச் சுற்றுவரை பிரித்து மீண்டும் பின்னுக. பிள்ளைகளை அருகில் அமர்த்தி எண்ணச் சொன்னால் அவர்களுக்கும் கணக்கு மனத்தில் பதியும்.

குஞ்சம் கட்டுதல்

அட்டைத் துண்டின் அகலவாட்டில் நூலை 48 முறை சுற்றுக. ஒரு பக்கத்து ஓரத்தில் மட்டும் கத்தரித்தால், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள 48 துண்டுகள் கிடைக்கும். இதற்கு ஏறத்தாழ 5 மீட்டர் நூல் செலவாகும்.

ஒரு துண்டை இரண்டாக மடித்திடுக. விரிப்பின் ஓரக் கண்ணி ஒன்றில், அடிப்புறத்திலிருந்து மேற்புறமாக ஊசியைச் செலுத்தி, மடிப்பைக் கொக்கியில் மாட்டி அடிப்புறம் இழுக்க வேண்டும். அங்கு தோன்றும் சிறு வளையத்தினுள் நூலின் இரு நுனிகளையும் நுழைத்து இறுக்கினால் குஞ்சம் நிலைபெறும். இவ்வாறே 48 கண்ணிகளிலும் கட்டுக. பிறகு சீப்பால் வாரிவிட்டு, எல்லாக் குஞ்சங்களையும் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒரே சீராக நறுக்கிவிடலாம்.

தவழும் குழந்தைகள் உள்ள வீடுகளில் ஓர் எச்சரிக்கை. தொங்கும் குஞ்சம் குழந்தையின் கண்ணைக் கவரும். பற்றி இழுத்தால் சூடான தேநீர் அதன்மேல் கவிழும். குழந்தை வளரும்வரை குஞ்சத்தை மிகக் குட்டையாக நறுக்குவதோ, குஞ்சமின்றியே விடுவதோ நலம். விரிப்பை மேசையின் விளிம்பில் வைக்காமல் நடுவில் வைப்பது எப்போதும் நன்று. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிக்கு இவ்விரிப்பு தாங்காது என்பதையும் நினைவிற் கொள்க.

சிவப்பு முதலிய அடர்ந்த நிற நூல்கள் சாயம் விடக்கூடும். முதல் முறை தனியே அலசிப் பார்த்திடல் வேண்டும். துவைத்தபின் பிழிந்து கொடியில் தொங்கவிடாமல், துணிமேல் வட்டமாகப் பரப்பி நிழலில் உலர்த்தினால் வடிவம் கெடாது.

உழைப்பின் விலை

கை பழகிய பின், இதனை விற்றுச் சிறிது பொருள் ஈட்டலாமே என்ற எண்ணம் எழும். அது நல்ல எண்ணமே. ஆயினும் விற்பதற்கு முன் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

நூற்பந்து ஒன்றின் விலை 8 ரிங்கிட் என்றும், அதில் நான்கு விரிப்புகள் கிடைக்கும் என்றும், பழகிய கைக்கு ஒன்று பின்ன ஒரு மணி நேரம் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். நூல் செலவு ஒன்றுக்கு 2 ரிங்கிட். உழைப்புக்கு என்ன விலை? 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். அவ்வளவில் ஒரு விரிப்பின் அடக்கவிலை 10 ரிங்கிட் 72 சென். நான்கு கொண்ட தொகுப்பு 42 ரிங்கிட் 88 சென்.

கடையில் இயந்திரத்தில் செய்த விரிப்பு இதனினும் மலிவாகக் கிடைக்கலாம். கேட்ட விலை எப்போதும் கிடைக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால், எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்து விட்டுக்கொடுப்பது வேறு. அறியாமல் இழப்பது வேறு.

ஆந்திர மாநிலத்து நர்சாப்பூரில் கொக்கி ஊசியால் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து விற்பனையாயிற்று, வணிகர்கள் செழித்தனர். நாளெல்லாம் பின்னிய பெண்களுக்கோ மிகச் சொற்பக் கூலியே கிடைத்தது. ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலைதானே’ என்று அவர்களுடைய உழைப்பு கருதப்பட்டதே அதற்குக் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

நாகர்கோயிலில் பின்னிய கைகள் விடுதலையை வாங்கின. நர்சாப்பூரில் பின்னிய கைகள் வறுமையிலேயே நின்றன. கூலி யார் கைக்குச் சேர்ந்தது என்பதிலேயே வேறுபாடு இருந்தது. இந்நிலை நம் சகோதரிகளுக்கு வரலாகாது. ஆகவே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நூல் வாங்கிய செலவு, பின்னிய நேரம், விற்ற விலை ஆகிய மூன்றையும் அதில் எழுதி வாருங்கள். மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று எவரேனும் வந்தால், அக்குறிப்பேட்டைப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள். அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து நூலை ஒன்றாக வாங்கி, ஒரே விலை சொல்லி விற்பது இன்னும் நன்று. சமூக மேம்பாட்டுத் துறையாகிய கெமாஸ் நடத்தும் கைவேலை வகுப்புகள் உங்கள் வட்டாரத்தில் உண்டா என்றும் விசாரித்து அறியலாம்.

விற்பதும் விற்காததும் அவரவர் விருப்பம். முதலில் பின்னும் நான்கு விரிப்புகள் உங்கள் வீட்டு மேசைக்கே ஆகட்டும். இருள் பிரியுமுன் எழுந்து, மரத்திற்கு மரம் நடந்து, பிறர் நலத்திற்குப் பாலெடுக்கும் கைகள், ஒரு மழை நாளில் தமக்கென்று ஒன்றைச் செய்து வைப்பது பெருமைக்குரியதே. விருந்தினர் வந்து, “கடையில் வாங்கினீர்களா?” என்று வினவும்போது, ரெம்பியா அம்மையாரைப் போல் நீங்களும் விடை கூறலாம்.