கதவைத் திறந்து வைத்தால் போதுமா?

இந்த மாதப் படிப்பு வட்டத்தை ஒரு தெருவிலிருந்து தொடங்குவோம். ஜார்ஜ்டவுன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. நம் தாத்தா பாட்டிக்கு அது பிட் ஸ்திரீட். ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் இம் கோயில். ஒரு தெரு தள்ளி, குவீன் தெருவில், 1833இல் எழுந்த நம் மகாமாரியம்மன் கோயில். இன்னும் நடந்தால், காதர் முகைதீன் என்ற கப்பித்தான் 1801இல் எழுப்பிய பள்ளிவாசல். சுற்றுப்பயணிகள் இதை நல்லிணக்கத் தெரு என்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நாம் இங்கே வேறொன்றைப் படிக்கப் போகிறோம்.

1816 அக்டோபரில், தேவாலயப் பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கியது. எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேரலாம் என்பதே அதன் நோக்கம். அங்கே ஒரு தமிழ் வகுப்பும் தொடங்கினார்கள். மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் என்று நாம் கொண்டாடுவது அதைத்தான். 2016இல் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோமே, அது இந்தக் கணக்கில்தான். ஆனால் விழா மேடையில் அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. அந்த வகுப்பு நிலைக்கவில்லை. போதிய ஆதரவு இல்லாமல் சில காலத்தில் நின்றுபோனது.

இதைக் கேட்டதும், 'பாத்தீங்களா, நம்ம ஆளுங்க அப்பவே இப்படித்தான்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்துப் பினாங்கில் தமிழன் என்றால் யார்? பெரும்பாலும் படகுக்காரர், துறைமுகக் கூலி, வியாபாரி, கடைச் சிப்பந்தி. சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புகிற ஆண்கள்தான் அதிகம். குடும்பத்தோடு இருந்த சிலருக்கும் பையன் கடையில் நின்றால் அன்றைய சோறு. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வருகிற நிலையில் பிள்ளைகள் இருந்தார்களா என்பதே கேள்வி.

நூறு ஆண்டு கழித்து நேர்மாறான ஒன்று நடந்தது. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளி லயத்துக்கே வந்துவிட்டது. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஆறாம் வகுப்போடு பாதை முடிந்தது. அதற்குப் பிறகு பால்வாளிதான். பள்ளி கிட்டே வந்தது, ஆனால் அதிலிருந்து மேலே ஏற ஏணி இல்லை.

இந்த இரண்டையும் மனத்தில் வையுங்கள். பிரீ ஸ்கூல் வகுப்பு எட்டவில்லை. தோட்டப் பள்ளி எட்டியது, ஆனால் ஏற்றிவிடவில்லை. இன்று வசதி குறைந்த இடங்களில் நாம் நடத்தும் எந்தச் சேவையையும் இந்த இரண்டு கேள்வியால் அளந்து பாருங்கள். நான் அளந்து பார்த்து வெட்கப்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

நாற்காலி முப்பது, பிள்ளைகள் ஐந்து

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளை, இந்தச் சாலைக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் படிவம் மூன்று, ஐந்து மாணவர்களுக்கு இலவச டியூசன் ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. முப்பது நாற்காலி போட்டோம். பேனர் கட்டினோம், குத்துவிளக்கு ஏற்றினோம், படமும் எடுத்துக்கொண்டோம். வந்தது ஐந்து பேர். அதிலும் நான்கு பேர் எங்கள் செயலவை உறுப்பினர்களின் பிள்ளைகள்! ஒரு மாதம் தள்ளினோம். 'இலவசமா கொடுத்தா மதிக்க மாட்டாங்க' என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

தமிழ்ப் பிள்ளைகள் இப்போது அந்தத் தெருவில் இல்லை என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 1999 இறுதியோடு முடிந்தது. கடைவீட்டு மாடிகளில் சொற்ப வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் அடுக்குமாடிகளுக்கும், கடல் தாண்டி பட்டர்வொர்த் பக்கமும் போய்விட்டன. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி வந்தது. வீடுகள் ஹோட்டலாகவும் காப்பிக்கடையாகவும் மாறின. கோயில் இருக்கிறது, பூக்கடை இருக்கிறது, சங்கக் கட்டடங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் இருப்பது பல கிலோமீட்டர் தள்ளி, பதினான்காவது மாடியில்.

ஒரு ஞாயிறு மாலை நாங்கள் மூன்று பேர் அந்த ஃபிளாட் ஒன்றுக்குப் போனோம். படிவம் நான்கு படிக்கும் ஒரு பெண்ணிடம், ஏம்மா வகுப்புக்கு வரலை என்று கேட்டேன்.

"வரணும்னுதாண்ணே ஆசை. அம்மாவுக்கு ஃபேக்டரில ஷிப்ட். தம்பிய யாரு பாத்துக்குவா? பஸ்ஸுக்கும் காசு வேணும்ல?"

பக்கத்தில் நின்ற பையன் வெள்ளி இரவு சாப்பாட்டுக்கடையில் வேலை செய்கிறான். வீடு வர இரண்டு மணி. காலை ஒன்பது மணிக்கு அவனை எழுப்பப் பார்த்தால் அவன் அம்மாவே விடமாட்டார். அதுவும் நியாயம்தானே?

வகுப்பை அந்த ஃபிளாட்டின் கீழ்த்தள மண்டபத்துக்கு மாற்றினோம். ஞாயிறு இரவு ஏழரை மணி. தம்பி தங்கையைக் கூட்டி வரலாம். அவர்களுக்கு ஒரு மூலையில் பாய், வண்ணப் பென்சில், பிஸ்கட். பேனர் இல்லை, படம் இல்லை. இரண்டு மாதத்தில் நாற்காலி போதாமல் வீடுகளிலிருந்து தூக்கி வந்தார்கள். பாடம் அதேதான், ஆசிரியரும் அவரேதான். இடமும் நேரமும் மட்டுமே மாறின.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையும் பட்டதாரிகளையும் நம் பிள்ளைகள் இருக்கும் இடங்களுக்கே ஆசிரியர்களாக அனுப்பியது. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போவதும் அங்கே வந்த வழக்கம்தான். நம் முன்னால் செய்துகாட்டிய ஒன்றை நாம் மறந்து, மண்டபத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம்.

ஏணியின் அடுத்த படி

இப்போது இரண்டாவது கேள்வி. எஸ்பிஎம் முடிந்தபின் என்ன? பினாங்கில் ஏணி இல்லை என்று சொல்ல முடியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு 1972 முதல் மின்னணு ஆலைகள் வந்தன. ஆலைகளுக்குத் திறனுள்ள ஆட்கள் வேண்டும் என்று, மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தன. இவை போக ஜியாட்மாரா இருக்கிறது, தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்கு நிதி உதவி தருகிறது. இந்தியச் சமுதாயத்துக்கென்று மித்ரா இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாரம் உண்டு. பாரம் மலாயில், இணையத்தில், தேதி குறித்து வரும். அதை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளை போய்விடுகிறது. இல்லாத பிள்ளை, 'அதெல்லாம் நமக்குக் கிடைக்காதுண்ணே' என்று மோட்டார் ஏறி டெலிவரிக்குப் போகிறது. சோம்பல் என்று இதைச் சொல்லாதீர்கள். யாரும் சொல்லித்தராத ஒன்றை அவன் தனக்கில்லை என்று எடுத்துக்கொண்டான்.

இதைவிடக் கடினமானது பத்திரம். எங்கள் வகுப்பில் நன்றாக மின்வேலை செய்யக்கூடிய பையன் ஒருவன் இருந்தான். பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவனுக்கு மைகார்டே இல்லை. அப்பா இந்நாட்டவர், அம்மா வெளிநாட்டவர். கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள திருமணச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவில்லாமல் பிறந்த பிள்ளை குடியுரிமையில் தாயைப் பின்பற்றும். அம்மன் சந்நிதியில் ஊரே சாட்சியாக நடந்த கல்யாணம்தான், ஆனால் பதிவிலாகாவின் கண்ணில் அது நடக்கவே இல்லை. அந்தப் பையனின் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. அவன் வயது இப்போது இருபது.

இங்கே இந்து இளைஞர்களாகிய நமக்கு மட்டும் எளிதாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கோயிலில் நமக்குப் பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு நாள் குறிக்க வரும் ஒவ்வொரு ஜோடியிடமும், 'பதிவு பண்ணிட்டீங்களா?' என்று கேட்க நிர்வாகத்தையும் குருக்களையும் கேட்டுக்கொள்ளலாம். திருமணத் துணைப் பதிவாளர் உள்ள கோயில்களும் உண்டு. பந்தல் போடுவதைவிட இது பெரிய சேவை என்பது என் கருத்து. மூத்த உறுப்பினர்கள் சிலர் இதில் என்னோடு உடன்படவில்லை; கூட்டத்தில் பேசுங்கள்.

இன்னொன்று. இளைஞர் வயது வரம்பை 40இலிருந்து 30ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இயக்கங்களில் அண்ணன்மார்கள் சீக்கிரமே இடம்விட வேண்டியிருக்கும். அந்த இடத்துக்கு யார்? எங்கள் ஃபிளாட் வகுப்பில், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொன்ன அதே பெண் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறாள். அவளைச் செயலவையில் சேர்க்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டோம். ஏன் அவ்வளவு நாள் என்று அவள் கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

கிளைக் கூட்டத்துக்கான வேலை: உங்கள் கிளை நடத்தும் ஒவ்வொரு வகுப்பின் இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடந்த மூன்று மாதம் வந்த பிள்ளைகளின் வீடு எங்கே என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு இரண்டு இரண்டு பேராக, இதுவரை யாருமே வராத ஒரு ஃபிளாட்டுக்கோ தோட்டத்துக்கோ போங்கள். நோட்டீஸ் எடுத்துப் போக வேண்டாம். பிள்ளைகள் எத்தனை மணிக்கு ஓய்வாக இருக்கிறார்கள், யார் யாரிடம் பிறப்புப் பத்திரமும் மைகார்டும் இல்லை, இந்த இரண்டை மட்டும் கேட்டு வாருங்கள். அடுத்த மாதப் பாடம் அந்தத் தாளை வைத்துத்தான்.