குதிரை மந்தமா? கொள்ளைக் கூட்டுவதற்கு முன்...

முதலில் தீவனத் தொட்டியின் அடியில் பாருங்கள். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கிடந்தால் கோளாறு தீனியில் இல்லை, கடைவாய்ப் பல்லில். மருத்துவரை அழைத்துக் கூர்முனைகளை அராவச் சொல்லுங்கள். அப்படியே லத்தியையும் குடற்புழுப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம்.

தீனியில் புல்தான் ராஜா. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல் வேண்டும். அதில் ஒரு கிலோ குதிரை மசாலாக இருந்தால் நல்லது, பெயரே சொல்கிறதே!

ஓட்ஸ், மக்காச்சோளத்திலுள்ள மாவுச்சத்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். சில குதிரைகள் துள்ளுவதும் மிரளுவதும் இதனால்தான். தானியத்தில் கால் கிலோ குறைத்து, அதற்கு ஈடாகச் சமையல் எண்ணெய் 100 மில்லி சேருங்கள். சக்தி ஏறக்குறைய அதேதான், ஆனால் நிதானமாகக் கிடைக்கும். முதல் நாளே முழு அளவையும் ஊற்றினால் கழிச்சல்தான். 25 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். தானியத்தைக் குறைக்காமல் எண்ணெய் விட்டால் சதைதான் போடும். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயைக் குதிரை முகர்ந்துகூடப் பார்க்காது.

வியர்க்க வியர்க்க ஓடும் குதிரைக்கு உப்பு குறைந்தாலும் சோர்வு வரும். தினம் 30 கிராம் கல்லுப்பைப் பொடித்துத் தீனியில் கலந்து, தண்ணீரை எந்நேரமும் எட்டும்படி வையுங்கள்.

வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் அளவு சரி.